பாலகாட் மாட்டுக்கு எது தோது: ராகித் தாளா, சைலேஜா?

கோலார் தங்கவயல் பாலகாட் லைனில் ஒன்றிரண்டு கறவை வைத்திருப்பவர் ராகித் தாளை அடியோடு விட்டுவிட்டு, பையில் அடைத்துப் புளிக்கவிட்ட சைலேஜுக்கு மாறக் கூடாது. இதுதான் என் கருத்து. 2001-ல் சுரங்கம் மூடிய ஊரில் பால் காசு சின்ன விஷயமில்லை. தீவனக் கணக்கு தப்பினால் அடி நேராக அடுப்புக்குத்தான்.

முதலில் விலை. பை கனமாக இருக்கிறதே என்று மயங்க வேண்டாம். மக்காச்சோள சைலேஜில் நூற்றுக்கு 65, 70 பங்கு தண்ணீர். காய்ந்த தாளில் பத்துப் பங்குதான். சைலேஜ் கிலோ 6 ரூபாய் என்று வைத்தால், அதிலுள்ள உலர் தீவனம் கிலோ 20 ரூபாய் வரை ஆகிறது. தாள் கிலோ 8 ரூபாய் என்றாலும் உலர் கணக்கில் 9 ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

அப்படியானால் சைலேஜ் எதற்கு? சத்துக்கு. ராகித் தாள் நெல் வைக்கோலைவிட எவ்வளவோ மேல், சுண்ணாம்புச் சத்தும் உண்டு. ஆனால் புரதம் 3, 4 சதவீதம்தான். மணி பால் பிடித்து மாவாகும் பருவத்தில் அறுத்து, காற்றுப் புகாமல் கட்டி, நாற்பத்தைந்து நாள் புளிக்கவிட்ட மக்காச்சோளத்தில் அது 8 சதவீதத்தை ஒட்டி வரும். மணியின் மாவுச்சத்து வேறு. ஒரு வேளைக்கு ஏழெட்டு லிட்டர் கறக்கும் கலப்பின மாட்டுக்கு, கோடையில் பச்சைப்புல் இல்லாதபோது, இது கைகொடுக்கும். இரண்டு மூன்று லிட்டர் கறக்கும் மாட்டுக்குப் போட்டால் காசுதான் கரையும்.

பெரிய சிக்கல் பையைப் பிரித்த பிறகுதான். காற்றுப் பட்டதும் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். ஒரு மாட்டுக்கு நாளைக்கு 15 கிலோ என்றால் 60 கிலோ பை நான்கு நாள் கிடக்கும். நம் வெயிலுக்கு அது அதிகம். இரண்டு மாடு இருந்தால் இரண்டே நாளில் தீரும். ஒற்றை மாட்டுக்காரர் பக்கத்து வீட்டோடு ஒரு பையைப் பங்குபோடலாம்.

வாங்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துப் பிழியுங்கள். சாறு ஒழுகக் கூடாது. கை ஈரமானால் போதும். மஞ்சள் கலந்த பச்சையும் லேசான காடி வாசனையும் இருந்தால் நல்ல சரக்கு. கறுத்து, கொழகொழத்து, சாக்கடை வீச்சம் அடித்தால் விலை குறைத்தாலும் வேண்டாம். வெள்ளைப் பூஞ்சை தெரிந்த இடத்தைக் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைப் போடுவதும் ஆபத்து.

தாளுக்கும் காவல் வேண்டும். சுரங்கக் கழிவான சயனைடு மேட்டுப் புழுதி காற்றில் வந்து படியும் ஊர் இது. போரைத் தார்ப்பாயால் மூடுங்கள், மேட்டடியில் மாட்டை மேயவிடாதீர்கள். கட்டிய சைலேஜ் பைக்கு இந்தக் கவலை இல்லை. இதில் அதற்கே மதிப்பெண்.

பலரும் கண்டுகொள்ளாத மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. 100 கிலோ தாளுக்கு 4 கிலோ யூரியாவை ஐம்பது லிட்டர் தண்ணீரில் முழுக்கக் கரைத்துச் சீராகத் தெளித்து, மிதித்து அடுக்கி, இறுக மூடி மூன்று வாரம் வையுங்கள். புரதம் இரட்டிப்பாகும். போடும் முன் காற்றாட உலர்த்த வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்குக் கூடாது, குதிரைக்கும் கூடாது.



மாட்டுக்கு சைலேஜ் என்று முடிவு செய்தால், முதல் நாள் 2 கிலோவில் தொடங்கி பத்துப் பன்னிரண்டு நாளில் ஏற்றுங்கள். தினம் மூன்று நான்கு கிலோ தாளை நிறுத்தாதீர்கள். அசைபோடுவது குறைந்தால் பாலில் கொழுப்பு இறங்கும், பால் சங்கத்தில் விலையும் இறங்கும். கறந்த பிறகே சைலேஜ் போடுங்கள். முன்பே போட்டால் பாலில் அந்த வாடை ஏறிவிடும்.