உலை அணைந்த ஊரின் கடைத்தெரு

அன்புள்ள கயல்விழிக்கு,

ஆலையை மூடிவிட்டால் அந்த ஊர் என்ன ஆகும் என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் யங்ஸ்டவுன் என்று ஓர் எஃகு நகரம். 1977 செப்டம்பர் 19ஐ அங்குள்ளவர்கள் 'கறுப்புத் திங்கள்' என்கிறார்கள். காம்ப்பெல் எஃகு ஆலையை மூடும் அறிவிப்பு வந்த நாள் அது. சுமார் 5,000 பேருக்கு வேலை போயிற்று. மற்ற ஆலைகளும் பின்னாலேயே அணைந்தன. 1930இல் 1,70,000 பேர் வாழ்ந்த ஊரில், 2020 கணக்கெடுப்பின்போது இருந்தவர்கள் 60,000 பேர்தான்.

சம்பளம் நின்றால் கடைத்தெருவும் வாடும். காலிக் கட்டடத்தைச் செப்பனிடும் செலவு, வரப்போகும் வாடகையில் தேறாது. ஆகவே உரிமையாளர் கை வைக்கமாட்டார், வங்கி கடன் தராது, பாழடைந்த தெருவுக்கு வாடகைக்கும் யாரும் வரமாட்டார்கள். லாபக் கணக்குப் பார்க்காத யாராவது வந்துதான் இந்தச் சிக்கலை அவிழ்க்க வேண்டும்.

அப்படி 1995இல் வந்தது, யங்ஸ்டவுன் பிசினஸ் இன்குபேட்டர் என்ற லாபநோக்கற்ற அமைப்பு. கோழிப்பண்ணையில் முட்டைக்குச் சூடு கொடுத்துக் குஞ்சு பொரிக்கவைக்கும் பெட்டிக்கும் இன்குபேட்டர் என்றுதான் பெயர். வேலையும் ஏறக்குறைய அதேதான். நகரின் பெரிய கடைவீதியான ஃபெடரல் தெருவில் இடம்பிடித்து, புதிதாகத் தொழில் தொடங்குகிறவர்களுக்குக் குறைந்த செலவில் அறை கொடுத்தது. வந்தவர்களையெல்லாம் சேர்க்காமல், நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுகிறவர்களாகப் பார்த்துச் சேர்த்ததில்தான் சாமர்த்தியம். ஒரே தொழில்காரர்கள் அடுத்தடுத்த அறையில் இருந்தால், ஒருவர் பட்ட அடி இன்னொருவருக்குப் பாடம். அதை நடத்திய ஜிம் காஸ்லர் தம்மைத் 'தலைமை நற்செய்தியாளர்' என்று சொல்லிக்கொள்வார். ஆளில்லாத் தெருவுக்கு ஆள் பிடிக்க அப்படியொரு பட்டம் தேவைப்பட்டிருக்கும்!

அங்கே வளர்ந்ததுதான் டர்னிங் டெக்னாலஜீஸ். வகுப்பில் ஆசிரியர் கேள்வியைத் திரையில் காட்டுவார். மாணவர்கள் உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவியில் பட்டனை அழுத்துவார்கள். எத்தனை பேர் எந்த விடையைச் சொன்னார்கள் என்பது நொடியில் திரையில் வந்துவிடும். கூச்சப்படும் பிள்ளைக்கும் வாய் திறக்காமல் பதில் சொல்ல வழி. நிறுவனம் பெருத்தது. வளர்ந்த குஞ்சைக் கூட்டைவிட்டு அனுப்புவதுதான் வழக்கம்; இங்கோ பக்கத்திலேயே புதுக் கட்டடம் எழுந்தது. மதியம் சாப்பிட இறங்கி வர ஆள் இருந்தால்தானே தெருவில் உணவகம் நடக்கும்?

2012இல், அதே ஊரில் மூடிக்கிடந்த பழைய மரச்சாமான் கிடங்கு ஒன்றில் 3டி பிரிண்டிங்குக்கான தேசிய மையம் வந்தது. மறுஆண்டு அதிபர் ஒபாமா நாடாளுமன்ற உரையிலேயே அதைக் குறிப்பிட்டார்.

இதற்காக மயங்கிவிடாதே. உலையடியில் நின்ற ஐம்பது வயதுக்காரர் மென்பொருள் எழுதப் போகவில்லை. அந்த 5,000 வேலையும் திரும்பவில்லை. போதாக்குறைக்கு, 2024 மே 28 அன்று நகர மையத்தின் ரியால்டி கட்டடத்தில் எரிவாயு வெடித்து, கீழ்த்தள வங்கியில் வேலைபார்த்த ஒருவர் இறந்தார். நூறாண்டைத் தொட்ட அந்தக் கட்டடத்தையே பிறகு இடிக்க வேண்டியதாயிற்று. அதன் மாடிகளில் குடியிருந்தவர்கள், கடைத்தெரு மறுபடி பிழைத்துவிட்டது என்று நம்பி அங்கே வீடு பார்த்து வந்திருக்கக்கூடும்.

அன்புடன்,
மாமா