மூளைக்குள் செல்லாத ஃபோலேட்

கீரையிலும் பருப்பிலும் உள்ள பி9 உயிர்ச்சத்தே ஃபோலேட். அது இரத்தத்தில் போதிய அளவு இருந்தும் மூளையைச் சென்றடையாத நிலை ஒன்று உண்டு. ஃபோலேட்டை மூளைக்குள் அனுப்பும் ஏற்பியை, உடலே உண்டாக்கும் எதிர்ப்பொருள் அடைத்துவிடுகிறது. ராமேக்கர்ஸ் குழுவினர் 2005-இல் இதனை வெளியிட்டனர். ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலரிடமும் இவ்வெதிர்ப்பொருள் பின்னர்க் கண்டறியப்பட்டது.

லியூகோவோரின் எனும் ஃபோலினிக் அமிலம் வேறொரு வழியாக மூளைக்குள் நுழையும். (மருந்தகத்தில் நாம் வாங்கும் ஃபோலிக் அமிலம் வேறு, இரண்டையும் குழப்பிக்கொள்வோர் பலர்.) அமெரிக்காவில் 48 பிள்ளைகளிடம் 12 வாரம் நடத்திய ஆய்வொன்று 2016-இல் வெளிவந்தது. மருந்துண்டவர்களின் பேச்சுத்திறன், வெற்று மாத்திரை உண்டவர்களைவிடக் கூடியிருந்தது. நம்பிக்கை தரும் செய்திதான். ஆயினும் 48 பேர் மிகச் சிறிய எண்ணிக்கை.

2025 செப்டம்பரில் அமெரிக்க அரசு இம்மருந்தை முன்னிறுத்தியதும் பெற்றோரின் நாட்டம் பெருகியது. வல்லுநர் இல்லாத ஊர்களில் வாழ்வோருக்குத் தொலைமருத்துவம் பெருந்துணை. பிள்ளை தன் வீட்டில் இயல்பாகப் பேசுவதையும் விளையாடுவதையும் மருத்துவர் திரையில் காணலாம். ஆனால், எதிர்ப்பொருளை அறிய இரத்தம் எடுக்க வேண்டும். மூளையின் ஃபோலேட் அளவை அறிய முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும். இவ்விரண்டும் திரைவழி நடவா. மருந்து தொடங்கியபின் சில பிள்ளைகளிடம் படபடப்பும் தூக்கமின்மையும் தோன்றுவதால், அதே மருத்துவர் தொடர்ந்து கவனிப்பாரா என்பதைப் பெற்றோர் முதலிலேயே கேட்டறிவது நன்று.