செப்புத்தகட்டில் ஒரு முற்றுகை

இன்று போர்ட் கொச்சி என வழங்கும் கோட்டை நகரை 1663 ஜனவரியில் டச்சுக்காரர் போர்த்துகீசியரிடமிருந்து கைப்பற்றினர். புகைப்படம் தோன்றாத அக்காலத்தில் வெற்றிச் செய்தியை ஐரோப்பாவில் பரப்பியவை அச்சுப்படங்களே. ஆம்ஸ்டர்டாமில் பணிபுரிந்த கோன்ராத் டெக்கர் கொச்சி வெற்றியை 1682இல் செப்புத்தகட்டில் செதுக்கினார். முற்றுகையின்போது அவர் ஏறத்தாழப் பன்னிரண்டு வயதுச் சிறுவர். ஆகவே அப்படம் கண்டவர் வரைந்தது அன்று. பிறர் கூற்றைக் கொண்டு அமைத்தது.

செப்புத்தகட்டில் கூரிய உளியால் கோடுகளைக் கீறுவர். தகட்டில் மை பூசித் துடைத்தால் கீறல்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் பதியும். பதியும்போது இடம் வலமாக மாறும். எனவே கடலும் கோட்டையும் தத்தம் திசையில் அமையத் தகட்டில் அவற்றைத் தலைமாற்றிச் செதுக்க வேண்டும். பால்டேயஸ் என்ற டச்சுப் போதகர் 1672இல் வெளியிட்ட நூலிலும் மலபார் ஊர்களின் படங்கள் உள்ளன. அந்நூலில் தமிழ் எழுத்துகளும் அச்சேறியுள்ளமை நமக்குத் தனி மகிழ்ச்சி.

வெற்றிப்படம் வென்றவரின் புகழுக்காகச் செய்யப்படுவது. 1662இன் தொடக்கத்தில் ரைக்லாஃப் வான் கோன்ஸ் தலைமையில் வந்த டச்சுப்படை மட்டாஞ்சேரியில் போரிட்டது. கொச்சி அரச குடும்பத்து இளவரசர் மூவர் மாண்டனர். அரசி கங்காதரலட்சுமி சிறைப்பட்டார். எனினும் கோட்டை வீழவில்லை. படை பின்வாங்கி, அவ்வாண்டின் இறுதியில் மீண்டும் வந்தது. டச்சுக்காரருக்குத் துணைநின்றனர் என யூதர்மீது சினந்த போர்த்துகீசியர் அவர்தம் தொழுகைக்கூடத்தைச் சிதைத்தனர். 1664இல் அது புதுப்பிக்கப்பட்டது.

இவை அனைத்தினும் வருந்தத்தக்கது ஒன்றுண்டு. 1661 ஆகஸ்டிலேயே இரு நாடுகளும் ஹேக் நகரில் அமைதி உடன்படிக்கையில் கையொப்பமிட்டுவிட்டன. அது நடைமுறைக்கு வரத் தாமதமானதால் முற்றுகை தொடர்ந்தது. உடன்படிக்கைக்குப் பின்னும் கொச்சியை டச்சுக்காரர் திருப்பித் தரவில்லை. நகரின் பரப்பைக் குறுக்கி, ஆலயங்கள் பலவற்றை இடித்தனர். புனித பிரான்சிஸ் ஆலயத்தைத் தம் வழிபாட்டுக்கென வைத்துக்கொண்டனர். போர்ட் கொச்சியில் அதனை இன்றும் காணலாம்.

அருஞ்சொற்பொருள்

முற்றுகை – பகைவர் அரணைச் சூழ்ந்து நிற்றல்
அரண் – கோட்டை
மாண்டனர் – இறந்தனர்

வினாக்கள்

1. செப்புத்தகட்டில் படத்தைத் தலைமாற்றிச் செதுக்குவது ஏன்?
2. மட்டாஞ்சேரியில் வாழ்ந்த ஒருவர் இம்முற்றுகையை வரைந்திருந்தால் எக்காட்சியைத் தேர்ந்திருப்பார்? ஐந்து தொடர்களில் எழுதுக.