நீர்த்தேக்கத்தில் ஏரி டிரௌட்: இரைக்கும் இரைகொல்லிக்கும் இடையே சமநிலை

ஆற்றை அணையிட்டுத் தேக்கும்போது புதியதொரு நீர்நிலை தோன்றுகிறது. ஆற்றில் வாழ்ந்த மீன்களுள் சில அங்கு நிலைபெறுகின்றன, சில மறைகின்றன. ஆழ்நீரைப் பயன்படுத்தும் நோக்குடன் வெளியிடங்களிலிருந்து மீனினங்களைக் கொணர்ந்து விடுவது பல நாடுகளில் வழக்கமாயிற்று. அவ்வாறு விடப்பட்ட ஓரினம் மற்றோரினத்தை எவ்வாறு பாதிக்கிறது என்பதற்கு அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள புளூ மெசா நீர்த்தேக்கம் தெளிவானதொரு சான்றாகும்.

நீர்த்தேக்கத்தின் இயல்பு

கன்னிசன் ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட புளூ மெசா அணை 1966-இல் நிறைவுற்றது. நீர்த்தேக்கம் நிறைந்துள்ளபோது நீர்மட்டம் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 2,290 மீட்டர் உயரத்தில் இருக்கும். நீளம் ஏறத்தாழ 32 கிலோமீட்டர். அம்மாநிலத்தின் மிகப் பெரிய நீர்நிலை இதுவே. கோடையில் மேல்நீர் வெப்பமடைய, அடிநீர் குளிர்ந்தே இருக்கும். இதனால் நீர் அடுக்கடுக்காகப் பிரிகிறது. எந்த மீன் எந்த அடுக்கில் தங்கும் என்பதை வெப்பநிலையும் பிராணவாயுவின் அளவுமே பெரிதும் உறுதிசெய்கின்றன.

இரு மீனினங்கள்

இங்கு முதன்மையான மீன்கள் இரண்டு. ஒன்று கோக்கனி சால்மன். இது கடலுக்குச் செல்லாது நன்னீரிலேயே வாழ்நாள் முழுவதையும் கழிக்கும் சாக்கை சால்மன் ஆகும். நீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகளே, சிறப்பாக டாப்னியா என்னும் நீர்த்தெள்ளே, இதன் உணவு. பெரும்பாலும் மூன்று நான்கு ஆண்டுகளில் முதிர்ந்து, ஆற்றில் எதிரேறிச் சென்று, முட்டையிட்டு மடிந்துவிடும். ரோரிங் ஜூடி என்னுமிடத்தில் உள்ள பொரிப்பகத்தில், எதிரேறி வரும் மீன்களிலிருந்து முட்டைகள் எடுக்கப்படுகின்றன. பொரித்த குஞ்சுகள் மீண்டும் ஆற்றில் விடப்படுகின்றன. இம்முட்டைகளைக் கொண்டே மாநிலத்தின் வேறு பல நீர்நிலைகளுக்கும் கோக்கனிக் குஞ்சுகள் வழங்கப்படுகின்றன. எனவே இங்கு கோக்கனி குறையுமாயின், இழப்பு இந்த ஒரு நீர்த்தேக்கத்தோடு நில்லாது.

மற்றொன்று ஏரி டிரௌட். வட அமெரிக்காவின் வடபகுதி ஏரிகளே இதன் தாயகம். கொலராடோவிற்கு இது அயலினம். ஏறத்தாழ 10 பாகை செல்சியஸ் குளிர்ச்சியுள்ள நீரை விரும்புவதால், கோடையில் ஆழத்திற்கு இறங்கிவிடும். அப்போது தூண்டில்காரர் எதிரொலிக் கருவியால் மீன் நிற்கும் ஆழத்தை அறிந்து, எடை கட்டிய கயிற்றால் இரையை அங்கு இறக்குவர். பனிக்கட்டி உருகும் பருவத்தில் மீன் கரையோரத்தை நாடும். குளிர்காலத்தில் உறைந்த பரப்பில் துளையிட்டும் பிடிப்பதுண்டு.

இம்மீன் மெல்ல வளர்வது. பல ஆண்டுகள் கழித்தே முதிர்வது. இருபது ஆண்டுகளுக்கு மேலும் வாழ வல்லது. தன் நீளத்தில் பாதியளவுள்ள மீனையும் விழுங்கும். கோக்கனியை உண்டு இது மிகப் பெரிதாக வளர்கிறது. 2007-இல் புளூ மெசாவில் பிடிக்கப்பட்ட ஒரு மீன் ஏறத்தாழ 22.8 கிலோகிராம் எடையுடன் மாநிலச் சாதனையாகப் பதிவாயிற்று.

சிக்கல் எழுந்த விதம்

ஏரி டிரௌட் குஞ்சுகளை விடுவது 1990-களில் நிறுத்தப்பட்டது. ஆயினும் மீன் அங்கேயே இனம் பெருக்கத் தொடங்கிவிட்டமையால் எண்ணிக்கை உயர்ந்தது; கோக்கனி சரிந்தது. 2009 முதல் மீன்வள அதிகாரிகள் செவுள்வலை கொண்டு ஏரி டிரௌட்டைக் குறைக்க முற்பட்டனர். மிகப் பெரிய மீன்களை விட்டுவிட்டுச் சிறியனவும் நடுத்தரமானவையுமே அகற்றப்பட்டன. இவற்றைப் பிடித்துச் செல்லுமாறு தூண்டில்காரரும் ஊக்குவிக்கப்பட்டனர். பெரிய மீனை நாடி வருவோரிடையே இதற்கு எதிர்ப்பும் எழுந்தது.

பெரியனவே மிகுதியாக உண்ணும்போது சிறியனவற்றை அகற்றுவானேன் என்ற ஐயம் எழக்கூடும். விளக்கத்திற்காக மட்டும் ஒரு கணக்கைக் கொள்வோம். சிறிய மீன்கள் 10,000. ஒவ்வொன்றும் ஆண்டில் 200 கிராம் வளர்கிறது. மொத்த வளர்ச்சி 2,000 கிலோகிராம். ஒரு கிலோகிராம் வளர 5 கிலோகிராம் உணவு வேண்டுமெனின், இவை உண்பது 10,000 கிலோகிராம். பெரிய மீன்கள் 200. ஒவ்வொன்றும் ஒரு கிலோகிராம் வளர்கிறது. முதிய மீனுக்கு உணவுத் தேவை இருமடங்கு எனினும், இவை உண்பது 2,000 கிலோகிராமே. அதாவது, கூட்டத்தின் பெரும்பசி எண்ணிக்கையில் மிகுந்த சிறிய மீன்களிடமே உள்ளது. அவை பெருகி கோக்கனி அற்றுப்போனால், பெரிய மீன்களும் மெலியும். ஆகவே பெரிய மீனை விரும்புவோரும் ஏரி டிரௌட்டின் மொத்த எண்ணிக்கை மிகுவதை விரும்ப இயலாது.

நீர்மட்டத்தின் பங்கு

ஏரி டிரௌட் இலையுதிர் காலத்தில் பாறைக் கற்கள் நிறைந்த மேடைகளில் முட்டையிடுகிறது. மற்ற டிரௌட்களைப்போல் குழி தோண்டுவதில்லை. முட்டைகள் கல்லிடுக்குகளில் தங்கி, குளிர்காலம் முழுவதும் கிடந்து பொரிக்கின்றன. இடையில் நீர்மட்டம் இறக்கப்பட்டால், கரையோர முட்டைகள் வெளிப்பட்டு உலர்ந்தோ உறைந்தோ அழியும். புளூ மெசாவில் மேற்புறத்தில் பனிக்கட்டி அடைத்து வெள்ளம் ஏற்படாதிருக்கக் குளிர்காலத்தில் நீர்மட்டத்தைத் தாழ்த்துவது வழக்கம். அணைப் பொறியாளரின் முடிவு மீனின் பிறப்பு விகிதத்தையும் தொடுகிறது என்பது இதனால் விளங்கும்.

வேறிடத்தில் வேறு நிலை

இதே மீன் தன் தாயகமான பேரேரிகளில் அழிவின் விளிம்பிற்குச் சென்றது. கடல் லாம்ப்ரி என்னும் ஒட்டுண்ணி உட்புகுந்ததும் அளவிற்கு மிஞ்சிய மீன்பிடிப்பும் 1940-களிலும் 1950-களிலும் அதன் கூட்டத்தைச் சிதைத்தன. அமெரிக்காவும் கனடாவும் 1954-இல் உடன்படிக்கை செய்து, பேரேரி மீன்வள ஆணையத்தை அமைத்தன. அங்கு லாம்ப்ரியை ஒழித்து ஏரி டிரௌட்டை மீட்கப் பெரும் பொருள் செலவிடப்படுகிறது. எனவே ஒரு மீன் நல்லதா, கெட்டதா என்ற வினாவிற்குத் தனியே விடையில்லை; எந்த நீரில் என்று சேர்த்தே கேட்க வேண்டும்.

நம் நாட்டிற்குரிய பாடம்

இந்திய நீர்த்தேக்கங்களிலும் இத்தகைய அனுபவம் உண்டு. இமாசலப் பிரதேசத்தில் பக்ரா அணையால் உண்டான கோவிந்த சாகரில், 1971-இல் மீன் பண்ணையிலிருந்து தற்செயலாகத் தப்பிய வெள்ளிக் கெண்டை புகுந்தது. நாளடைவில் அது கட்லாவைப் பின்தள்ளி முதன்மை மீனாயிற்று. மீனவருக்கு விளைச்சல் கிட்டியது. ஆயினும் நாட்டு மீனின் இடம் சுருங்கியது. புகுந்த மீனைத் திரும்ப அழைக்க வழியில்லை.

களப்பணியாளர் கருத்திற்கொள்ள வேண்டியவை: புதிய மீனை விடுமுன் அது எதை உண்ணும், அங்கேயே இனம் பெருக்குமா என்பவற்றை ஆராய்தல், பிடிபடும் மீனின் எண்ணிக்கையோடு நீளம், எடை, இரைப்பையில் உள்ளவை ஆகியவற்றையும் ஆண்டுதோறும் ஒரே முறையில் பதிதல், முட்டையிடும் பருவத்தில் நீர்மட்ட மாற்றத்தை அறிய அணை அலுவலகத்துடன் தொடர்பு கொள்ளுதல். சில ஆண்டுப் பதிவுகள் சேர்ந்த பின்னரே மாற்றத்தின் போக்கு புலப்படும்.

வகுப்பறை வினாக்கள்

1. கோடையில் ஏரி டிரௌட் ஆழத்திற்கு இறங்குவது ஏன்?

2. மேற்கண்ட கணக்கில் சிறிய மீன்கள் பாதியாகக் குறைக்கப்பட்டால், ஆண்டில் எத்தனை கிலோகிராம் இரை மீதமாகும்?

3. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள நீர்த்தேக்கத்திலோ ஏரியிலோ வெளியிலிருந்து வந்த மீன்கள் எவை? அவை வருமுன் அங்கிருந்த மீன்கள் எவை என்று மூத்த மீனவரிடம் கேட்டு எழுதுக.