நன்னீர்த் திருக்கையும் உயிர் வடிகட்டியும்

(இளம் அறிவியல் – விலங்கியல், இரண்டாம் ஆண்டு)

மீன் தொட்டி என்றவுடன் நம் நினைவுக்கு வருவது, கூடத்தில் வைத்த ஒரு கண்ணாடிப் பெட்டியும் அதில் நீந்தும் நாலைந்து பொன்மீன்களுமே. ஆனால் ஓர் அறையையே அடைத்துக்கொள்ளும் தொட்டி கட்டி, அதில் திருக்கை வளர்ப்பவர்களும் உலகின் பல நாடுகளில் இருக்கிறார்கள். நம் சென்னையிலும் இருக்கிறார்கள். அத்தகைய தொட்டியை அமைப்பது எப்படி, அதில் திருக்கை உயிர் வாழ முதன்மையாக வேண்டுவது எது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கடலை மறந்த திருக்கை

திருக்கை கடல் மீனாயிற்றே என்ற ஐயம் எழலாம். தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோக்கோ, பரானா ஆறுகளில் வாழும் பொட்டமோட்ரைகானிடே குடும்பத் திருக்கைகள் கடலுக்குச் செல்வதே இல்லை. பழுப்பு உடலில் ஆரஞ்சு வட்டங்கள் கொண்ட மோட்டோரோ, சிங்கு ஆற்றில் மட்டுமே வாழும், கருமேனியில் வெண்புள்ளிகள் கொண்ட லியோபோல்டி ஆகியவை இவற்றுள் புகழ் பெற்றவை.

என் தாயார் மீன் விற்பவர். பள்ளிக்கூடம் சென்றவர் அல்லர். ஆனால் சுறாவும் திருக்கையும் பழையதாகிவிட்டால் மூக்கைத் துளைக்கும் ஒரு காரநெடி வீசும் என்பதை அவர் நன்கு அறிவார். அந்நெடி அம்மோனியாவினுடையது. கடல் திருக்கை தன் இரத்தத்தில் யூரியாவைத் தேக்கி வைத்துக் கடல்நீரின் உப்புக்கு ஈடு கொடுக்கிறது. இறந்த பின் அந்த யூரியா சிதைந்து அம்மோனியாவாகிறது. நன்னீர்த் திருக்கையின் இரத்தத்திலோ யூரியா மிகமிகக் குறைவு என்பதைத் தார்சனும் அவருடன் ஆய்ந்தவர்களும் 1967-ல் வெளியிட்டனர். ஆற்றிலே வாழும் மீனுக்கு அந்தச் சேமிப்புத் தேவையில்லை. அது தன் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் அம்மோனியாவாகவே நீரில் விட்டுவிடுகிறது. தொட்டி அமைப்பவர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

தொட்டியின் அளவு

திருக்கை தரையில் வாழும் மீன். ஆதலால் தொட்டியின் உயரத்தைவிட நீள அகலங்களே முக்கியம். உடல் வட்டு அரை மீட்டர் வரை வளரக்கூடிய மோட்டோரோ, சுவரில் இடிபடாமல் திரும்புவதற்கு இடம் வேண்டும். 240 செ.மீ. நீளம், 120 செ.மீ. அகலம், 60 செ.மீ. நீர்மட்டம் என்று கொண்டால் கொள்ளளவு 1,728 லிட்டர். நீரின் எடை மட்டுமே ஏறத்தாழ ஒன்றே முக்கால் டன் ஆகிறது. எனவே மாடியில் வைக்க எண்ணுவோர் முதலில் கட்டடப் பொறியாளரைக் கேட்பது நலம். அடியில் நைசான மணல் போதும். கூரிய கற்கள் வயிற்றைக் கிழிக்கும். நீர் சூடாக்கும் கருவி வைத்தால் அதற்குக் கூடு போட வேண்டும். இல்லையேல் திருக்கை அதன்மேல் படுத்துச் சுட்டுக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு

இரு திருக்கைகளுக்கு நாள்தோறும் 100 கிராம் இறால் இடுவதாகக் கொள்வோம். அதில் புரதம் சுமார் 20 கிராம். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன் என்பதால் 3.2 கிராம் நைட்ரஜன். அதில் பாதி அம்மோனியாவாக வெளியேறினாலும் 1.6 கிராம். அதை 1,728 லிட்டரில் கரைத்தால் லிட்டருக்கு ஏறத்தாழ ஒரு மில்லிகிராம் என ஒவ்வொரு நாளும் கூடும். தொட்டி எவ்வளவு பெரிதாயினும் இக்கழிவைத் தானே தீர்த்துக்கொள்ளாது. சில நாள் தள்ளிப்போடும், அவ்வளவே.

தீர்த்து வைப்பவை பாக்டீரியாக்கள். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். மற்றொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். முதல் இரண்டும் கொடிய நஞ்சு. மூன்றாவதைத் தவறாமல் நீர் மாற்றிச் சமாளிக்கலாம். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் என்று நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மீன் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா வகையே என்பது 1998-ல் வெளியான ஆய்வால் தெரிய வந்தது. இரு வேலைகளையும் ஒன்றே செய்யும் நைட்ரோஸ்பைராவும் உண்டு என்று 2015-ல் கண்டறிந்தனர்.

தெளிந்த நீரில் இறந்த மீன்கள்

விடுமுறை நாட்களில் நான் ஓர் அலங்கார மீன் பண்ணையில் வேலை செய்கிறேன். சென்ற ஆண்டு அங்கே புதிய சிமெண்டுத் தொட்டி கட்டி, நீர் நிரப்பி, மறுவாரமே இரு இளம் திருக்கைகளை விட்டார்கள். எட்டாம் நாள் ஒன்றும் பத்தாம் நாள் மற்றொன்றும் இறந்தன. “தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கே, தம்பி! பிறகு எப்படிச் செத்துச்சு?” என்று முதலாளி கேட்டார். அவர் பல மாதம் சேர்த்த பணம் அது.

அந்நீரை ஒரு புட்டியில் எடுத்து வந்து, பேராசிரியரின் அனுமதியுடன் நம் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் நெஸ்லர் கரைசலை விட்டுப் பார்த்தேன். நீர் ஆழ்ந்த மஞ்சளாயிற்று. கார அமில மதிப்போ 8-ஐத் தாண்டியிருந்தது. புதுச் சிமெண்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்ததே காரணம். 25 பாகை வெப்பத்தில், மதிப்பு 7 ஆக உள்ளபோது அம்மோனியாவில் நூற்றுக்கு ஒரு பங்கிற்கும் குறைவே நச்சு வடிவில் இருக்கும். 8 ஆகும்போது அது நூற்றுக்கு ஐந்து பங்கு ஆகிறது. அளவு மாறாமலே நஞ்சு பெருகிவிடுகிறது. நீரின் தெளிவுக்கும் தூய்மைக்கும் தொடர்பில்லை என்பதை அன்று கண்கூடாகக் கண்டேன்.

வடிகட்டியை வளர்த்தல்

உயிர் வடிகட்டி என்பது கடையில் வாங்கிப் பொருத்தும் பொருள் அன்று. வளர்க்க வேண்டிய உயிர்க்கூட்டம். தொட்டி நீர் முதலில் பஞ்சு அடுக்கில் திடக்கழிவை விட்டு, பிறகு பீங்கான் வளையங்களோ பிளாஸ்டிக் துண்டுகளோ நிறைந்த அறையில் புகுந்து, இறைப்பான் மூலம் தொட்டிக்குத் திரும்ப வேண்டும். அவ்வளையங்களின் பரப்பே பாக்டீரியாக்களின் குடியிருப்பு.

இவை மிக மெதுவாகப் பெருகுபவை. குடலில் வாழும் ஈ. கோலை தக்க சூழலில் 20 நிமிடத்தில் இரட்டிக்கும். இவற்றுக்கு அரை நாளோ அதற்கு மேலுமோ ஆகும். ஆகவே மீன் விடுவதற்கு முன்பே சிறிது அம்மோனியம் குளோரைடைக் கரைத்து இவற்றுக்கு உணவிட வேண்டும். இட்ட அம்மோனியாவும் அதிலிருந்து வரும் நைட்ரைட்டும் ஒரே நாளில் மறையும் நிலை வர நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம். பழைய தொட்டியின் பஞ்சை எடுத்து வைத்தால் காலம் குறையும். ஆனால் அத்தொட்டியில் நோய் இருக்கக் கூடாது.

இம்முறையை முதலாளியிடம் சொன்னபோது, “ஆறு வாரம் வெறும் தண்ணியையா ஓட்டுறது? கரண்டு பில்லை யார் கட்டுவாங்க?” என்றார். இறந்த இரண்டின் விலையையும் ஆறு வார மின்கட்டணத்தையும் ஒரு தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினேன். சிமெண்டின் காரத்தைப் போக்க வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நீரைப் பலமுறை மாற்றும் முறையை அவரே செய்தார். அது எனக்குத் தெரியாத பாடம். ஆறாம் வாரம் நெஸ்லர் கரைசல் நிறம் மாறவில்லை. அதன் பிறகு விட்ட இரு திருக்கைகளும் இன்று நலமாக இரை எடுக்கின்றன.

மறவாதிருக்க வேண்டியவை

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏறத்தாழ நாலரை கிராம் ஆக்சிஜன் செலவாகிறது. மின்சாரம் நின்றால் மீனோடு வடிகட்டியும் மூச்சுத் திணறும். மின்கலத்தில் இயங்கும் காற்றுக் கருவி அவசியம். குளோரின் கலந்த குழாய் நீரில் வளையங்களைக் கழுவினால் பாக்டீரியாக்கள் மடியும். தொட்டி நீரிலேயே அலச வேண்டும். செம்பு கலந்த மருந்துகள் திருக்கைக்கு ஆகா. வாலிலுள்ள முள் நச்சுடையது என்பதால் கையால் பிடிக்கலாகாது.

லியோபோல்டி உள்ளிட்ட சில இனங்கள் 2022 நவம்பரில் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளன. எனவே வாங்குமுன் உரிய சான்றுகளைக் கேட்டுப் பெற வேண்டும்.

நைட்ரஜன் சுழற்சியைத் தேர்வுக்காக ஐந்து மதிப்பெண் வினாவாக நாம் மனப்பாடம் செய்கிறோம். நம் ஊர் மீன் பண்ணைகளில் அது ஒரு குடும்பத்தின் முதலீட்டைக் காக்கும் அறிவு. மீன் வளர்க்கும் ஒருவர் நம் தெருவிலும் இருக்கக்கூடும். அவர் தொட்டி நீரில் ஒரு புட்டி எடுத்து வந்து சோதித்துச் சொல்வது விலங்கியல் மாணவர் எவருக்கும் இயலக்கூடியதே.