நடக்காதவற்றுக்கு ஒரு நூதனசாலை

நூதனசாலை என்றதும் நமக்கு நினைவில் வருவது கொழும்பு தேசிய நூதனசாலைதான். கண்டி மன்னரின் சிம்மாசனம், பழைய நாணயங்கள், கற்சிலைகள். அவை யாவும் ஒரு காலத்தில் இருந்தவை. யாரோ ஒருவரின் கை பட்டவை. ஒருபோதும் இருந்திராத பொருட்களுக்கும், ஒருவரும் போயிராத ஊர்களுக்கும், இன்னும் வந்து சேராத நாட்களுக்கும் ஒரு நூதனசாலை அமைக்க முடியுமா? முடியும். சுவிட்சர்லாந்தில் 1976ஆம் ஆண்டு முதல் அப்படியொன்று இருந்து வருகிறது. லோசான் நகரில் வசிக்கும் எனது சாச்சாவின் வீட்டுக்குச் சென்ற விடுமுறையில் போயிருந்தபோது அதனைப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது. தொலைபேசியில் இதைச் சொன்னபோது, "நடக்காததுக்கும் நூதனசாலையா மகள்?" என்று உம்மும்மா கேட்டார். இக்கட்டுரைக்கு அதைவிட நல்ல தலைப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

அந்த நூதனசாலையின் பெயர் மேசோன் தாய்யேர். பிரெஞ்சு மொழியில் 'வேறெங்கோ என்பதன் வீடு' என்று பொருள் கொள்ளலாம். விஞ்ஞானப் புனைகதை, கற்பனை நாடுகள், அதிசயப் பயணங்கள் ஆகிய மூன்றுக்கும் உரிய நூதனசாலை அது. லோசானிலிருந்து புகையிரதத்தில் சிறிது நேரம் பயணம் செய்தால், நெஷாத்தல் ஏரியின் தென்முனையிலுள்ள இவெர்டோன் லே பேன் என்னும் சிறிய ஊர் வருகிறது. ஊரின் நடுவே ஒரு சதுக்கம். ஒரு பக்கத்தில் வட்டக் கோபுரங்களைக் கொண்ட பழைய கோட்டை. 1805 தொடக்கம் 1825 வரை அந்தக் கோட்டையில்தான் கல்வியியலாளர் பெஸ்டலோசி தமது பாடசாலையை நடத்தினார். பிள்ளைகளுடன் நிற்கும் அவரது சிலையும் சதுக்கத்தில் உண்டு. ஆசிரியப் பயிற்சி பெற்ற எங்கள் மாமிக்கு அந்தச் சிலையின் படத்தை உடனே அனுப்பினேன்.

அதே சதுக்கத்தில் நிற்கும் நூதனசாலைக் கட்டடம் முன்பு சிறைச்சாலையாக இருந்தது. 1991இல்தான் நூதனசாலை அங்கு இடம்பெயர்ந்தது. மனிதரை அடைத்து வைத்த சுவர்களுக்குள் இன்று எல்லையில்லாத உலகங்கள் அடுக்கி வைக்கப்பட்டுள்ளன என்று சாச்சாவின் மகன் வேடிக்கையாகச் சொன்னான். ஆனால், இதனை உருவாக்கியவரின் வரலாற்றை அறிந்தபின் எனக்கு அது வேடிக்கையாகத் தோன்றவில்லை.

அவர் பெயர் பியேர் வெர்சேன். 1923இல் பிறந்த பிரெஞ்சுக்காரர். இரண்டாம் உலகப் போரின்போது நாசிகளின் அவுஷ்விற்ஸ் வதைமுகாமில் அடைக்கப்பட்டு உயிர் தப்பியவர்களுள் ஒருவர். போருக்குப் பின் சுவிட்சர்லாந்தில் குடியேறி, வேறு உலகங்களைப் பற்றிய நூல்களையும் சஞ்சிகைகளையும் படங்களையும் சேர்க்கத் தொடங்கினார். 1972இல் இத்துறைக்கென ஒரு பெரிய கலைக்களஞ்சியத்தைத் தாமே எழுதி வெளியிட்டார். பின்னர் தம் சேகரிப்பு முழுவதையும் அந்த ஊருக்குக் கொடுத்துவிட்டார். மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய மிகக் கொடிய செயலைக் கண்ணால் கண்ட ஒருவர், எஞ்சிய வாழ்நாளில் பெரும்பகுதியை 'உலகம் வேறு விதமாகவும் இருக்கலாம்' என்று சொல்லும் நூல்களைத் தேடுவதில் செலவழித்திருக்கிறார். கதைகள் பொழுதுபோக்குக்கு மட்டுமே உரியவை என்போர் அவரது வாழ்வை எப்படி விளங்கிக்கொள்வார்கள் என்று தெரியவில்லை.

வெர்சேன் இத்துறைக்குத் தந்த வரைவிலக்கணமே எனக்கு மிகவும் பிடித்தது. பகுத்தறிவுக்கு இணங்கிய ஊகத்தைக் கதையாக்குவது என்று அதனைச் சுருக்கமாகக் கூறலாம். 'ஆயிரத்தொரு இரவுகள்' கதையில் கம்பளம் பறக்கிறது. ஏன் பறக்கிறது என்று நாம் கேட்பதில்லை, கேட்கவும் கூடாது. விஞ்ஞானப் புனைகதையில் அந்தக் கேள்விக்கு இடமுண்டு. 'இப்படி இருந்தால்?' என்று ஒரு பொய்யைச் சொல்ல எழுத்தாளருக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தப் பொய்யிலிருந்து பிறக்கும் விளைவுகளில் அவர் நேர்மையாக இருக்க வேண்டும். இவ்வளவில் பார்த்தால் இந்த இலக்கியம் நாம் நினைப்பதைவிடப் பழையது. 12ஆம் நூற்றாண்டில் அந்தலூசியாவின் அறிஞர் இப்னு துபைல், தனித் தீவொன்றில் மான் ஒன்றினால் வளர்க்கப்பட்ட மனிதன் தன் அறிவாலும் அவதானத்தாலும் மட்டும் எதனையெல்லாம் கண்டறிவான் என்று 'ஹய்யு இப்னு யக்ழான்' நூலில் எழுதினார். இஸ்லாமிய நாகரிகம் கற்கும் தோழியருக்கு அப்பெயர் தெரிந்திருக்கலாம்.

உள்ளே பெரிய மண்டபங்களை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றமாக இருக்கும். இடம் சிறியது, சேகரிப்போ மிகப் பெரியது. ஆகவே கண்காட்சிகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. நான் அதிக நேரம் நின்றது ஜூல்ஸ் வேர்ன் பகுதியில். 2008இல் திறக்கப்பட்ட அப்பகுதியில் அவரது பழைய பதிப்புகள் கண்ணாடிக்குள் இருக்கின்றன. பொன்னெழுத்துப் பொறித்த அட்டைகளின் நிறம் இன்னும் மங்கவில்லை.

வேர்ன் 1865இல் வெளியிட்ட நாவலொன்றில் மூன்று பேரை அமெரிக்காவின் புளோரிடாவிலிருந்து சந்திரனை நோக்கி அனுப்புகிறார். நூறாண்டுகளுக்குப் பின் 1969இல் அப்பலோ 11 விண்கலமும் மூவருடன் புளோரிடாவிலிருந்தே புறப்பட்டது. வேர்னின் பெருமைக்கு எல்லோரும் காட்டும் சான்று இதுதான். எனக்கோ இது வெறும் தற்செயல் போலத் தோன்றுகிறது. அவர் பிழைவிட்ட இடமே என்னைக் கூடுதலாகக் கவர்ந்தது. அவர் தம் வீரர்களை ரொக்கற்றில் அனுப்பவில்லை. 900 அடி நீளமான பீரங்கியிலிருந்து குண்டாகச் சுட்டு அனுப்பினார்!

அன்றிரவே பௌதிகவியல் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். தரம் 12இன் தொடக்கத்தில் நாம் கற்கும் அதே சமன்பாடுதான்: இறுதி வேகத்தின் வர்க்கம், ஆர்முடுகலையும் தூரத்தையும் பெருக்கியதன் இருமடங்கு. பூமியை விட்டு வெளியேற ஏறத்தாழ செக்கனுக்கு 11 கிலோமீற்றர் வேகம் வேண்டும். பீரங்கிக் குழாயின் நீளம் 274 மீற்றர். குழாய் முழுவதையும் கணக்கில் எடுத்தாலும் ஆர்முடுகல் புவியீர்ப்பு ஆர்முடுகலின் 22,000 மடங்கைத் தாண்டுகிறது. 50 கிலோகிராம் நிறையுள்ள நான் அந்தக் குண்டுக்குள் இருந்தால், 1,100 தொன் பாரம் என்மேல் ஏறியதற்குச் சமம். வேர்னுக்கும் இந்தச் சந்தேகம் இருந்திருக்க வேண்டும். அதிர்ச்சியைத் தாங்கத் தரைக்கு அடியில் தண்ணீர்ப் படுக்கை ஒன்றை வைத்திருக்கிறார். பாவம், அது போதாது.

நான் கதைப்புத்தகம் எடுத்தாலே "சோதனை முடியட்டும் மகள்" என்று சொல்லும் வாப்பா, வீடு திரும்பியதும் அந்தப் பக்கத்தைக் கண்டார். ஒன்றும் சொல்லவில்லை. கல்குலேற்றரை எடுத்து விடையைச் சரிபார்த்தார். பிறகு, "அப்ப எப்படித்தான் போறது?" என்று கேட்டார்.

வாப்பாவின் அந்தக் கேள்வியை ரஷ்யாவில் செவிப்புலன் குறைந்த பாடசாலை ஆசிரியர் ஒருவரும் கேட்டார். அவர் பெயர் சியோல்கோவ்ஸ்கி. வேர்னின் கதைகளே தமது சிந்தனையைத் தூண்டியதாக அவர் சொல்லியிருக்கிறார். பீரங்கி உதவாது, ரொக்கற்றே வழி என்று கண்டு, 1903இல் அதற்குரிய சமன்பாட்டை வெளியிட்டார். பிழையான கதையிலிருந்து ஒரு சரியான சமன்பாடு பிறந்தது.

நம் நாட்டுக்கும் இதில் பங்குண்டு. 1956 முதல் 2008இல் மரணிக்கும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆதர் சி. கிளார்க், நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் வைக்கப்படும் செய்மதி வானில் அசையாமல் நிற்பதுபோல் தோன்றும் என்றும், அதன்மூலம் உலகெங்கும் செய்தி அனுப்பலாம் என்றும் 1945இலேயே கட்டுரை எழுதினார். 1964இல் அத்தகைய செய்மதி உண்மையிலேயே அங்கு நிறுத்தப்பட்டது. 1979இல் வெளியான நாவலொன்றில் அவர் பூமியிலிருந்து அந்த உயரத்துக்கு மின்னுயர்த்தி அமைக்கிறார். அது எழும் மலை, நாம் பாவா ஆதம் மலை என்றழைக்கும் சிவனொளிபாத மலையை மாதிரியாகக் கொண்டது. ஆனால், இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லையே! கிளார்க் என்ன செய்தார் தெரியுமா? தீவையே தெற்கே நகர்த்திவிட்டார். நான் மேலே சொன்ன உரிமையும் நேர்மையும் இவைதான். தீவை நகர்த்தலாம், பௌதிக விதியை நகர்த்த முடியாது.

எங்கள் கல்லூரியில் எனது ஆண்டில் கணிதப் பிரிவில் ஏழு பேர் இருக்கிறோம். "பெண்பிள்ளைக்கு எதற்கு இந்தப் பாரம்?" என்ற கேள்வியை எழுவரும் கலியாண வீடுகளிலும் பெருநாள் நாட்களிலும் கேட்டிருக்கிறோம். எனவே நூதனசாலையில் பெண்களின் பெயர்களைத் தேடியே என் கண்கள் சென்றன. முதலில் நினைவுக்கு வருபவர் மேரி ஷெல்லி. இந்தோனேசியாவின் தம்போரா எரிமலை 1815இல் வெடித்ததால், மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடைகாலமே குளிராக இருந்தது. அந்த மழைநாட்களில் ஜெனீவா ஏரிக்கரையில் தங்கியிருந்த மேரி 'பிராங்கன்ஸ்டைன்' கதையை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 18. சாச்சாவின் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரிவது அதே ஏரிதான். 1818இல் நூல் முதன்முதலில் வெளிவந்தபோது அட்டையில் அவரது பெயர் இருக்கவில்லை.

இரண்டாமவரை நான் சந்தித்தது நூதனசாலைக்குப் பிறகு, நூல்களைத் தேடியபோது. 1880இல் இன்றைய பங்களாதேஷின் ரங்பூர் பகுதியில் பிறந்த முஸ்லிம் பெண் ரொகேயா சகாவத் ஹுசைன். தந்தை அனுமதிக்காத ஆங்கிலத்தையும் வங்காளத்தையும் இரவு வேளைகளில் நானாவிடம் கற்றவர். 1905இல் மதராசில் வெளியான பெண்கள் சஞ்சிகை ஒன்றில் அவரது 'சுல்தானாவின் கனவு' ஆங்கிலத்தில் வந்தது. பெண்கள் ஆளும் நாடு. அங்கே இரண்டு பெண்கள் பல்கலைக்கழகங்கள். ஒன்று வளிமண்டலத்திலிருந்து நீரைப் பெறும் பலூனைக் கண்டுபிடிக்கிறது. மற்றையது சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறது. சமையலறையில் புகையில்லை, கரியில்லை. சூரிய வெப்பத்தில் சமைக்கிறார்கள். எதிரிப் படை வந்தபோது நாட்டின் ஆண்கள் தோற்றுப்போக, பல்கலைக்கழகத்தின் தலைவி தம் மாணவிகளுடன் சென்று குவித்த சூரிய ஒளியால் அப்படையைத் துரத்துகிறார். ஆண்கள் வீட்டுக்குள் அடைந்திருக்கிறார்கள் என்பது எங்கள் வகுப்பைச் சிரிக்க வைத்த பகுதி. எனக்கு அது முக்கியமாகப் படவில்லை. மின்குமிழையே காணாத வீடுகள் நிறைந்த நாட்டிலிருந்து, சூரிய சக்தியைப் பற்றி ஒரு பெண் 1905இல் யோசித்திருக்கிறார். அதுவும் மந்திரத்தால் அல்ல, ஆய்வுகூடத்தால். 'இப்படி இருந்தால்?' என்று அவர் சொன்ன பொய் ஒன்றே ஒன்றுதான்: பெண்களுக்குப் பல்கலைக்கழகம் இருந்தால்? மற்றவை யாவும் அதிலிருந்து வந்த விளைவுகள்.

ரொகேயா கதையோடு நிற்கவில்லை. கணவர் இறந்தபின், அவர் விட்டுச்சென்ற பணத்தைக் கொண்டு 1909இல் பாகல்பூரில் பெண்பிள்ளைகளுக்கான பாடசாலை ஒன்றைத் தொடங்கினார். ஐந்து மாணவிகளே சேர்ந்தனர். குடும்பச் சிக்கலால் அங்கிருந்து கல்கத்தாவுக்குப் போக நேர்ந்தது. அங்கும் விடவில்லை. 1911 மார்ச் மாதத்தில் பாடசாலையை மீண்டும் திறந்தார். பிள்ளைகளை அனுப்புமாறு முஸ்லிம் வீடுகளுக்குத் தாமே சென்று பெற்றோரிடம் கேட்டார். அந்த முறை எட்டுப் பேர் வந்தார்கள்.