கூட்டம் சேராத மன்றங்கள்

இற்றைநாளில் மக்கள் கூடிப் பேசுதற்குத் திண்ணையும் சந்தியும் மட்டும் இடமல்ல. கைத்தொலைபேசியினுள்ளேயே பற்பல மன்றங்கள் எழுந்துள்ளன. இவற்றைச் சமூக ஊடகத் தளங்கள் என வழங்குகிறோம். இவற்றுட் சில கோடிக்கணக்கானோரை ஈர்த்துத் தம்பால் நிறுத்தியுள்ளன. வேறு சில பெரும்பொருள் செலவிட்டுத் தொடங்கப்பெற்றும் ஆளின்றி அடைபட்டன. இதன் காரணம் யாது? நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கெனத் தனித்தளம் ஒன்று அமைத்தல் வேண்டும் என்னும் பேச்சு இந்த யூபிலி ஆண்டில் வலுப்பெற்று வருதலின், இவ்வினாவை ஈண்டு ஆராய்தல் பயனுடைத்தாம்.

பொருட்குறைவே காரணம் என்பார் உளர். அது முழுதும் பொருந்தாது. 2011ஆம் ஆண்டு யூன் மாதத்தில் கூகுள் நிறுவனம் 'கூகுள் பிளஸ்' என்னும் தளத்தைத் தொடங்கிற்று. பணத்துக்கோ தொழில்நுட்ப அறிவுக்கோ அங்குப் பஞ்சமில்லை. நண்பரையும் உறவினரையும் வெவ்வேறு வட்டங்களாக வகுத்துவைக்கும் அழகிய அமைப்பும் அதில் இருந்தது. ஆயினும், 2018 ஒக்டோபரில் அந்நிறுவனமே வெளியிட்ட கணக்கின்படி, அத்தளத்துக்கு நிகழ்ந்த வருகைகளுள் நூற்றுக்குத் தொண்ணூறு ஐந்து வினாடியும் நீடிக்கவில்லை. ஐந்து வினாடியில் ஒருவரை நலம் விசாரித்தலும் அரிது! கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, தெரிந்த முகம் ஒன்றும் இல்லையெனக் கண்டு மீண்டவரே அவருட் பலர் எனக் கொள்ளலாம். 2019 ஏப்ரல் 2ஆம் நாள் பொதுமக்களுக்கான அத்தளம் மூடப்பெற்றது.

தெரிந்த முகம் என்றோம். அதன் வலிமையை நம் ஊவாத் தோட்டங்களிலே தெளிவாகக் காணலாம். பசறை, மடுல்சீமை, நமுனுகுலைப் பகுதிகளில் ஒரு லயத்துக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். மகன் கொழும்பிலே கடையொன்றில் வேலைசெய்கிறான். மகள் வளைகுடா நாட்டில் இருக்கிறாள். சிற்றப்பன் வழியினர் கோத்தகிரியிலோ கூடலூரிலோ வாழ்கின்றனர். 1964 ஒக்டோபரிற் கைச்சாத்தான சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வாறு பிரிந்துபோன குடும்பங்களை நெடுங்காலம் பிணைத்தவை கடிதங்களே. முதியவர் மறையவே கடிதங்களும் நின்றன. பின்னர்ப் பேரப்பிள்ளைகள் முகநூலில் ஊர்ப்பெயரையும் தாத்தாவின் பெயரையும் கொண்டு ஒருவரையொருவர் தேடிக் கண்டு, இன்று வட்ஸ்அப் வழியே உரையாடுகின்றனர். இக்குடும்பத்தாரிடம், 'இதனினும் சிறந்த தளம் வந்துளது, வருக' என்று அழைத்தால் வருவரோ? அத்தை வந்தால் மகள் வருவாள். மகள் வந்தால் அத்தை வருவாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் காத்திருக்க, புதிய தளம் வெறிச்சோடிக் கிடக்கும்.

இதனைக் கணக்காகவும் காட்டுவர். பத்துப்பேர் உள்ள இடத்தில் இருவர் இருவராகப் பேசுதற்குரிய இணைப்புகள் 45; நூறு பேர் சேர்ந்தால் அவை 4,950. ஆள் பத்து மடங்கு பெருக, இணைப்பு நூற்றுப்பத்து மடங்கு பெருகுகிறது. றொபேட் மெற்காஃப் என்னும் அமெரிக்கப் பொறியியலாளர் பெயரால் இவ்விதி வழங்குகின்றது. கணக்கு சரியே. எனினும், எல்லா இணைப்பும் ஒரே விலையுடையன என அது கொள்கிறது. வளைகுடாவிலுள்ள மகளோடு மட்டும் பேசும் தாய்க்கு ஏனைய 4,949 இணைப்புகளால் ஆவதென்ன? ஆதலின், தளத்தில் எத்தனைபேர் உளர் என்பதிலும், 'என்னவர் உளரோ' என்பதே மக்கள் கேட்கும் கேள்வி என்பது நம் கருத்து.

தமிழாசிரியராகிய நம் செவிக்கு இனிக்கும் பெயருடைய தளமொன்று உண்டு. 'அரட்டை' என்பது அதன் பெயர். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட சோஹோ நிறுவனம் அதனை 2021இல் வெளியிட்டது. 2025 செப்டம்பர் இறுதியில், உள்நாட்டுப் பொருளையே கையாளுவோம் என்னும் உணர்ச்சி இந்தியாவில் ஓங்கியபோது, நாளொன்றுக்கு 3,000 ஆக இருந்த புதிய பதிவுகள் மூன்றே நாட்களில் 3,50,000 ஆயின என நிறுவனர் சிறீதர் வேம்பு அறிவித்தார். சில வாரங்களில் அவ்வலை தணிந்தது; தரவிறக்கப் பட்டியலின் உச்சியில் அச்செயலி நிலைக்கவில்லை. பெங்களூரில் 2020இல் தோன்றிய 'கூ' என்னும் தளத்தின் கதை இதனினும் இரங்கத்தக்கது. தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் அது இயங்கிற்று. இந்திய அரசுக்கும் டுவிட்டருக்கும் 2021இல் பூசல் மூண்டபோது அமைச்சர்களும் அதிற் சேர்ந்தனர். வேறு நிறுவனங்களோடு கூட்டுச்சேர நடத்திய பேச்சுகள் பயனளியாமையால் 2024 யூலையில் அது மூடப்பெற்றது. சினத்தாலோ பற்றாலோ ஒருநாளிற் சேரும் கூட்டத்தை மறுநாளும் வரச்செய்வது வேறொன்று.

எளிமையும் ஒரு காரணம். 2020இல் நோய்ப்பரவலாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் நடத்துதற்கெனவே அமைந்த தளங்கள் பல இருக்கவும், ஆசிரியர் பலர் வட்ஸ்அப்பையே நாடினர். தாய் தந்தையரின் தொலைபேசியில் முன்னரே இருந்தது அதுதான். 2021இல் நம் பதுளை மாவட்டத்தின் போகிட்டியாவ என்னும் ஊர்ப் பிள்ளைகள் அலைவரிசை தேடிக் காட்டுவழி நடந்து பாறை ஏறிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவ்வாறு பெற்ற அரைமணி நேரத்தில் எவர்தாம் புதிய செயலியை இறக்கிக் கடவுச்சொல் இட்டுக்கொண்டிருப்பர்? (கடவுச்சொல்லை மறத்தற்கு முதுமை வேண்டுவதில்லை என்பதை நம் மாணவரே நாள்தோறும் மெய்ப்பிக்கின்றனர்.)

இனி நம் தளத்துக்கு வருவாம். முகநூல் 2004 பெப்ரவரியில் ஹாவார்ட் என்னும் ஒரே கல்லூரியின் மாணவர்க்காகத் தொடங்கிற்று. பிற கல்லூரிகளுக்குப் படிப்படியாகச் சென்று, 2006 செப்டம்பரிலேதான் எல்லோர்க்கும் திறந்தது. வகுப்புத்தோழர் அனைவரும் ஒருங்கே இருந்தமையால் முதல்நாள் நுழைந்தவனும் தனிமை உணரவில்லை. நாமும் எல்லா ஆண்டினரையும் ஒரேநாளில் அழைத்தால், ஆண்டுக்கு இருவர் மூவரே வந்து, வெறுமை கண்டு மீள்வர். ஒரே ஆண்டிற் சாதாரணதரப் பரீட்சை எழுதிய ஒரு வகுப்பினரை முழுமையாகச் சேர்த்தபின் அடுத்த வகுப்பை அழைத்தலே தக்கது.

அவர்கள் மீண்டும் வருதற்குப் பணியொன்றும் வேண்டும். லுணுகலையிலிருந்து பேருந்தேறி வரும் மாணவி ஒருத்திக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்ப வழிகாட்டுவார் வீட்டில் இலர். கொழும்பிலும் கனடாவிலும் உள்ள நம் பழைய மாணவர்க்கு அது பத்துநிமிட வேலை. இவ்விருவரையும் சேர்த்துவைக்குமாயின் அத்தளத்துக்கு ஆள் வருவர். அது நிகழாவிடத்துப் பரிசளிப்பு விழாப் படங்கள் மட்டும் எத்தனை நாள் அவரை இழுத்துவரும்?

படங்களைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். இந்தியாவிற் பெருவழக்காய் இருந்த ஓர்குட் 2014 செப்டம்பர் 30இல் மூடியது. கூகுள் பிளஸ் மூடியபோது அதில் இட்டவையும் அழிக்கப்பெற்றன. எத்தளத்தைத் தெரிந்தாலும், மாணவர் பெயர்ப்பதிவும் பழம்படங்களும் கல்லூரி நூலகத்தில் ஒரு பிரதியாக முன்னரே சேர்க்கப்படல் வேண்டும் எனச் சங்கத்தின் செயற்குழுவை வேண்டுகிறோம்.